எலுமிச்சை ஜாடிக்குள் போன மீட்டர்

நவம்பர் 4

மழை. வயலுக்குப் போகவில்லை. மண்ணின் புளிப்பை அளக்கிற மீட்டரின் மூடியைத் திறந்து பார்த்தேன். அதன் குமிழ் காயாமல் இருக்க உள்ளே ஊற்றும் உப்புக் கரைசல் பாதிதான் இருந்தது. நாலு சொட்டு விட்டு மூடினேன். என் வீட்டுக்காரர் அய்யாத் தன் டாக்ஸியைக் கழுவிவிட்டு வந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம். என் தொண்டை காயுதான்னு ஒருநாள் கேட்டிருப்பியா?"

டீ போட்டுக் கொடுத்தேன். புதினா நிறைய. சர்க்கரை மறந்துவிட்டது. அதாவது, மறந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

நவம்பர் 7

மாதாந்திர மண் சோதனை. ப்ளூபெர்ரிக்குப் புளித்த மண் வேண்டும். மீட்டரில் நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் இலை மஞ்சளாகும், கீழே போனால் வேர் வெந்துபோகும். செடிகள் எங்கள் சங்கத்துப் பெண்கள் ஏழு பேருக்கும் பொது. மீட்டரும் பொது. ஆனால் அது என் அடுக்களை அலமாரியில்தான் இருக்கிறது, அதில்தான் பத்தூலக்காவுக்கு வயிற்றெரிச்சல். சங்கத் தலைவி அவர். இருந்தும் பயிற்சி கொடுக்க வந்த நுஹைலா, "கண்ணாடிக் குமிழைத் துணியால அழுத்தித் துடைக்கலாமா?" என்று கேட்டபோது, "கூடாது, ஒத்தித்தான் எடுக்கணும்" என்று சொன்னது நான். பத்தூலக்கா அந்த நேரத்தில் அதைத் தன் தலைத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

முறைப்படி செய்தேன். மீட்டரைச் சரிபார்க்க முதலில் ஏழாம் நம்பர் கரைசல், அலசி, நாலாம் நம்பர் கரைசல். இரண்டிலும் மீட்டர் உண்மை பேசியது. பிறகு ஐந்து இடத்தில் வேர் ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். டாக்ஸி பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர்தான். கலக்கி அரை மணி நேரம் காத்திருந்து முக்கினேன்.

5.0.

பத்தூலக்கா ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துவிட்டு, "நான் சொல்லியிருப்பேனே, அஞ்சுன்னு. எனக்கு நாக்கே போதும்" என்றார்.

"அப்போ ராத்திரி தூங்கறப்போ நாக்கைக் காயவிடாதீங்கக்கா. உப்புக் கரைசல் தரட்டுமா?"

ஐந்து பேர் சிரித்தார்கள். ஆறாவது ஆள் பத்தூலக்கா.

நவம்பர் 12

அய்யாத்தின் தம்பி வீட்டில் சாப்பாடு. கோழியும் உப்பில் ஊறின எலுமிச்சையும். என் ஓரகத்தி ஷாமா (சங்கத்து ஏழு பேரில் அவளும் ஒருத்தி, பயிற்சிக்கு மட்டும் வரவில்லை) எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, என் தட்டுக்கு வந்தபோது மட்டும் நின்றாள்.

"மன்னானாக்கா போடற எலுமிச்சையும் நல்லாத்தான் இருக்கும். என்ன, புளிப்புதான் நாக்குல தங்கறதில்லை."

பதினெட்டு வருஷமாக இதே பேச்சு. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஒரே மரத்து எலுமிச்சை. ஒரே கடை உப்பு. அவள் ஜாடியைத்தான் கல்யாண வீடுகளுக்குக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஏன்?

வீட்டுக்கு வந்ததும் கண் அலமாரிக்குப் போனது.

கூடாதுதான். ஆனால் மீட்டருக்கு எலுமிச்சை என்ன, மண் என்ன?

நவம்பர் 13

செய்துவிட்டேன்.

நியாயம் முக்கியம் என்பதால் புதுக் கரைசல்-பொடிப் பொட்டலங்களைக் கரைத்து, ஏழு நாலு இரண்டிலும் சரிபார்த்துவிட்டுத்தான் ஷாமாவைக் கூப்பிட்டேன். அவள் தன் ஜாடியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல அணைத்துக்கொண்டு வந்தாள்.

என் ஜாடி: 3.1. அவள் ஜாடி: 2.8.

எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். அதாவது அவள் ஜெயித்துவிட்டாள். மீட்டரை இரண்டு தடவை அலசி மறுபடி முக்கினேன். கல்நெஞ்சக்கார மீட்டர், அதே எண்.

"என்னக்கா சொல்லுது?"

"எனக்கு மூணுக்கு மேலே. உனக்கு ரெண்டு சொச்சம்தான் ஷாமா." குரலில் வருத்தத்தைக் கொஞ்சம் தூவிச் சொன்னேன். "பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவள் முகம் சுருங்கியது. ஜாடியை மூடி எடுத்துக்கொண்டு போனாள். பாவமாகத்தான் இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் 17

ஷாமா வெளியே சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் பிறந்த வீட்டுப் பக்கம் முழுக்க ஒப்பாரி வைத்திருக்கிறாள். விளைவு: இன்று வாசலில் கூட்டம். ஒருத்தி மோர், ஒருத்தி ஆலிவ் ஊறவைத்த தண்ணீர், ஒருத்தி முந்தாநாள் சூப். எல்லாவற்றிலும் முக்கினேன். ஆலிவ் எண்ணெயில்கூட. எண்ணெயில் அளவு வராது என்று எனக்கே தெரியும், ஆனாலும் அவ்வளவு தூரம் நடந்து வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.

கடைசியில் பால்காரன் கத்தூர் வந்து மாட்டிக்கொண்டான். கறந்த பால் 6.7 இருக்கும். அவன் பால் 7.5.

"கத்தூரு, புளிச்ச பாலை மறைக்க சோடா மாவு போட்டியா?"

"அல்லா சாட்சியா இல்லைக்கா! மாடு எதையாவது தின்னிருக்கும்!"

"மாடு சோடா மாவு தின்னுதா? எந்தக் கடையில வாங்குது?"

சிரிப்பில் வாசலே அதிர்ந்தது. ஊரில் இப்படி ஒரு மரியாதை எனக்கு முன்பு இருந்ததே இல்லை.

நவம்பர் 18

கத்தூர் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிடாமலே ஓடிவிட்டான். பால் அருமை.

நவம்பர் 28

பத்து நாள் விடாத மழை. கீழ் வரிசைகளில் சில செடிகளின் இலை மஞ்சள் தட்டியிருக்கிறது. பத்தூலக்கா பதறிப்போய் உடனே மண் சோதனை வேண்டும் என்றார்.

ஏழாம் நம்பர், நாலாம் நம்பர் கரைசல் இரண்டுமே என்னிடம் இல்லை. மோருக்கும் சூப்புக்குமாகத் தீர்ந்துவிட்டது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், சங்கத்துக் கரைசலை வாசல் வேடிக்கைக்கா தீர்த்தாய் என்று பத்தூலக்கா பிடித்துக்கொள்வார். சரிபார்க்காமலே முக்கினேன்.

எண் மெதுவாக, சோம்பேறிபோல ஏறி நின்றது. 6.4.

"ஆறரையா!" பத்தூலக்கா தலையில் கை வைத்தார். "மண்ணு கெட்டுப்போச்சு. பாசனத் தண்ணியில சுண்ணாம்பு ஏறியிருக்கும். அமிலம் விட்டே ஆகணும்."

"இன்னொரு தடவை பார்க்கலாமேக்கா…"

"ஏன், உன் மீட்டர் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊருக்கே தீர்ப்பு சொன்னவள் அல்லவா நான்.

"இருக்குக்கா" என்றேன்.

நவம்பர் 30

சாலட்டுக்கு வினிகர் ஊற்றும்போது ஏதோ உறுத்தியது. மீட்டரை எடுத்து வினிகரில் விட்டேன். பயிற்சியின்போது இதே வினிகர் 2.6 காட்டியது. இப்போது 4.5.

ஐயோ.

குமிழை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மேலே மெல்லிசாக, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு படலம். எண்ணெய். பால். அந்தப் பாழாப்போன சூப்பு. என்ன காரியம் பண்ணித் தொலைச்சிருக்கேன் நான்? மண்ணுக்கு ஒண்ணுமே ஆகலை. கெட்டது மீட்டர்தான். கெடுத்தது நான்.

நுஹைலாவுக்குப் போன் போட்டேன்.

"எதுல முக்கினீங்க?"

"மண்ணுல."

"மண்ணுல மட்டுமா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன். அந்தப் பக்கம் அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு சிரிக்காமல் சொன்னாள்: குமிழில் அழுக்குப் படிந்தால் எல்லா எண்ணையும் ஏழின் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, தேய்க்காமல் ஆட்டணும், நன்றாக அலசி, உப்புக் கரைசலில் ராத்திரி முழுக்க ஊறவிடணும், அப்புறம் புதுக் கரைசலில் சரிபார்க்கணும். "அதுவரைக்கும் அது சொல்ற எதையும் நம்பாதீங்க. முக்கியமா, வயலுக்கு எதுவும் விட்டுடாதீங்க."

டிசம்பர் 1

அமிலம் வந்துவிட்டது. பம்ப் கொட்டகை வாசலில் நீலக் கேன்கள் வரிசையாக. நாளைக் காலை சொட்டுநீர்க் குழாயில் கலந்து விடப்போகிறார்களாம். நான் கேட்ட கரைசல் லராஷ் நகரத்துக் கடையில் தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வரும் என்று அய்யாத் வந்து சொன்னார்.

உண்மையைச் சொல்லாமல் அதுவரை இழுக்க எனக்குத் தோன்றிய ஒரே வழி: பம்ப் கொட்டகைச் சாவியைக் காணாமல் போக்குவது. அது என் மேலங்கிப் பையில் பத்திரமாகக் காணாமல் போனது.

சாயங்காலம் ஷாமா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"எண்ணு சின்னதா இருந்தாத்தான் புளிப்பு அதிகமாமே அக்கா? நுஹைலாகிட்ட போன்ல கேட்டேன். மீட்டர் கெட்டதையும் சொன்னா."

நான் கொடியில் துணி எடுப்பதில் மும்முரமாக இருந்தேன்.

"உன் பையில சாவி சத்தம் போடுது" என்றாள் அடுத்து.

கொடியைப் பிடித்தபடியே நின்றேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஏழு பேர் முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. ஷாமா எலுமிச்சைதான் ஒசத்தின்னு. உனக்குத் துணையா பத்தூலக்காகிட்டயும் நானே பேசறேன்."

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் எல்லாமே முடிந்திருக்கும்.

"முடியாது" என்றேன்.

"உன் இஷ்டம்" என்று அவள் தலை இறங்கியது.

சாவி இல்லாமல் அவர்களால் என்ன செய்துவிட முடியும், பார்க்கலாம்.

டிசம்பர் 2

குழாய் இழுத்து இழுத்து விரல் மடங்கவில்லை. எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் நான் வயலுக்குப் போனபோது பூட்டு அப்படியேதான் இருந்தது. ஆனால் பத்தூலக்கா பூட்டுக்கெல்லாம் காத்திருக்கிற ஆளா? பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அமிலத்தைக் கலந்து, பூவாளியில் மொண்டு செடி செடியாக ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு வரிசை முடிந்து மூன்றாவதில் கால் வைத்திருந்தார். மற்ற நாலு பேரும் பின்னாலேயே வாளியோடு.

"நிறுத்துங்கக்கா! நிறுத்துங்க!"

ஓடினேன். ஒரு செருப்பு சேற்றில் நின்றுவிட்டது. பூவாளியைப் பிடித்து இழுத்தேன்; அவர் விடவில்லை.

"உனக்கென்ன பைத்தியமா? ஆறரைன்னு நீதானே சொன்னே!"

"மீட்டர் பொய் சொல்லிச்சுக்கா. இல்லை, மீட்டர் இல்லை. நான். எலுமிச்சையில விட்டேன். பால்ல விட்டேன். எண்ணெயில, சூப்புல… எல்லாத்துலயும் விட்டேன். கரைசலை அதுக்கே தீர்த்துட்டேன். அன்னிக்கு சரிபார்க்கவே இல்லை. மண்ணு நல்லாத்தான் இருக்கு. இது அமிலத்துக்கு மேல அமிலம். வேர் வெந்துடும்க்கா."

பத்தூலக்கா பூவாளியை விட்டுவிட்டார். அது என் காலடியில் விழுந்தது.

"அப்புறம் சாவியும் என்கிட்டத்தான் இருக்கு" என்றேன். சொல்லத் தொடங்கினால் நிறுத்தத் தெரியவில்லை. "அப்புறம், ஷாமா எலுமிச்சைதான் புளிப்பு. ரெண்டு புள்ளி எட்டு. அவகிட்டயும் பொய் சொன்னேன்."

பின்னாலிருந்து யாரோ என் பையில் கை விட்டார்கள். ஷாமா. சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். பம்ப் உறுமியது. அவள் பெரிய குழாயின் நுனியைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வந்து என் கையில் ஒரு பக்கத்தைத் திணித்தாள். "அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். பிடி."

மதியம் வரை அந்த இரண்டு வரிசையையும் வெறும் தண்ணீரால் கழுவினோம். முதலில் நாங்கள் இரண்டு பேர். பிறகு ஒவ்வொருவராக வந்து மண்ணைக் கிளறி வடிகால் வெட்டினார்கள். பத்தூலக்கா கடைசியாக வந்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

டிசம்பர் 3

யாரும் வரவில்லை. ஷாமா மட்டும் சுவரில் சூடான ரொட்டியை வைத்துவிட்டுப் போனாள். அவள் ரொட்டியில் கொஞ்சம் உப்பு கூடுதல். அதை மட்டும் அவளிடம் சொல்லப்போவதில்லை.

டிசம்பர் 5

கரைசல் வந்தது. ஏழில் 7.0, நாலில் 4.0. மீட்டர் பிழைத்துவிட்டது.

எல்லோர் முன்னிலையிலும் மண்ணை அளந்தேன். மற்ற வரிசைகள்: 5.1. கழுவின பிறகும் அந்த இரண்டு வரிசைகள்: 3.8. கீழ்ப்பக்கச் செடிகள் மஞ்சளானது மழைத் தண்ணீர் தேங்கினதால், வேறெதனாலும் இல்லை என்று நுஹைலா போனில் அனுப்பின படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

பத்தூலக்கா கையை நீட்டினார். "மீட்டரைக் குடு. இனிமே என்கிட்ட இருக்கும்."

கொடுத்தேன். உப்புக் கரைசல் பாட்டிலையும் சேர்த்துக் கொடுத்தேன். மூடியில் நாலு சொட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். "எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார்.

அலமாரியில் அந்த இடம் காலியாக இருக்கிறது. அய்யாத் அங்கே தன் மூக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எடுத்துவிடச் சொன்னேன்.

டிசம்பர் 20

இரண்டு வரிசையிலும் இலை ஓரங்கள் கருகுகின்றன. தினமும் காலையில் போகிறேன். பட்டுப்போனவை இதுவரை எட்டு. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும்போது மனசு கேட்கமாட்டேன் என்கிறது. போன மார்ச் வெயிலில் நானே பிடித்து நின்று நட்ட செடிகள்.

டிசம்பர் 27

பத்தூலக்கா வந்தார். இருபது வருஷத்தில் என் வீட்டு வாசற்படியைத் தனியாக மிதிப்பது இதுதான் முதல் தடவை. மேலங்கிக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கம்பளி, அதற்குள் பட்டுத்துணி, அதற்குள் மீட்டர்.

"எதுல விட்டாலும் ஒரு எண்ணுல நிக்கமாட்டேங்குது."

மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. குமிழைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"எங்கே வெச்சிருந்தீங்கக்கா?"

"கல்யாணப் பெட்டியில. நல்லா ஈரம் படாம." பட்டுத்துணியை மடித்துக்கொண்டே, "பத்திரமா இருக்கட்டும்னுதான்" என்றார்.

சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் வாசலில் நின்று ஊரைக் கூட்டியிருப்பேன். கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டு, உப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, கரைசலில் ஊறப் போட்டேன்.

"பிழைக்குமா?"

"நாளைக்குத் தெரியும். காய்ஞ்சது பெரும்பாலும் திரும்பி வந்துடும்."

டீ கொடுத்தேன். சர்க்கரை போட்டுத்தான். பாதி குடித்துவிட்டுச் சொன்னார்: "அந்த ரெண்டு வரிசை. நானும் அவசரப்பட்டேன். நீ இன்னொரு தடவை பார்க்கலாம்னு சொன்னே. நான் விடலை."

இன்னொரு கிளாஸ் ஊற்றினேன். போகும்போது கதவருகே நின்றார். "இந்தப் பெட்டி விஷயம்…"

"எந்தப் பெட்டிக்கா?"

ஒரு வினாடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பத்தூலக்காவுக்கு முன்பல்லில் ஒன்று தங்கம் என்று இன்றுதான் எனக்குத் தெரியும்.

டிசம்பர் 28

7.0. 4.0. உயிர் வந்துவிட்டது.

ஜனவரி 16

கணக்கு முடிந்தது: பதினோரு செடி போய்விட்டது. மற்றவை நின்றுவிட்டன, ஆனால் இந்த வருஷம் காய்க்காது. சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து, என் பங்கு நாற்றுகளை அங்கே நட்டுக்கொடுக்கிறேன், அந்த இரண்டு வரிசையையும் தேறும்வரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"ஒரு வரிசையை எனக்குக் குடுங்க" என்றாள் ஷாமா.

"உனக்கெதுக்கு? தப்பு பண்ணினது நான்."

"சாவி உன் பையில இருக்குன்னு எனக்கு முந்தின நாளே தெரியும். எலுமிச்சைக்காக வாயை மூடிட்டு இருந்தேன்." எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். "அதனால, ஒண்ணு எனக்கு."

மீட்டர் மறுபடி என்னிடம். ஆனால் அளக்கும்போது மூன்று பேர் இருக்க வேண்டும், நோட்டில் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பத்தூலக்கா தீர்மானம் போட்டுவிட்டார். நான் எதிர்க்கவில்லை.

பிப்ரவரி 20

முதல் பறிப்பு. காலையிலிருந்து ஏழு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. விரல் நுனியெல்லாம் ஊதா. பத்தூலக்கா பாடினார், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, பழம் அவ்வளவு நன்றாக இருந்தது.

மதியம் அந்த இரண்டு வரிசையையும் அளந்தோம். ஏழு, நாலு, இரண்டும் சரி. பத்தூலக்கா மண்ணைக் கலக்கினார். மூன்றாவது ஆள் ஷாமா, கை கழுவ வாய்க்காலுக்குப் போயிருந்தாள்.

என் வரிசை: 4.2. அவள் வரிசை: 4.7.

நாலரையைத் தாண்டித் தேறிவிட்டது அவளுடையதுதான். என்னுடையது இன்னும் இல்லை. அவளைவிட இரண்டு மணி நேரம் முன்னாலேயே தினமும் போகிறவள் நான். என்னதான் செய்கிறாளோ, அந்தக் கையால்!

நோட்டைத் திறந்தேன். பத்தூலக்கா அந்தப் பக்கம் திரும்பிக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். பேனா கொஞ்ச நேரம் தாளின் மேலேயே நின்றது.

4.2. 4.7. எழுதினேன்.

"ஷாமா!" என்று கத்திக் கூப்பிட்டேன். "வா, வந்து நீயே படி."

வந்து படித்தாள். பிறகு, வயலின் கடைசி மூலையில் நிற்பவளுக்கும் கேட்கிறமாதிரி, இன்னொரு தடவை படித்தாள்.